மலிவுக் கட்டண விமான சேவையும் கணினியும்

மலிவுக் கட்டண விமான நிறுவனத்துக்கு யாரும் எரிபொருளைக் குறைந்த விலைக்குத் தருவதில்லை. விமானமும் மற்றவர்கள் வாங்கும் அதே போயிங், ஏர்பஸ், ஏடிஆர்தான். அது கைவைக்கக்கூடிய செலவுகள் வேறு: டிக்கெட்டை அச்சடிப்பது, அதை விற்பது, காலியாகப் போகும் இருக்கையை நிரப்புவது, விமானத்தைத் தரையில் சும்மா நிறுத்தி வைப்பது. நான்கும் கணக்கு வழக்கு சார்ந்தவை என்பதால் நான்கிலும் கணினி நுழைந்தது.

தொடக்கத்தில் கணினி பெரிய நிறுவனங்களின் ஆயுதமாகவே இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஐபிஎம்முடன் சேர்ந்து உருவாக்கிய ‘சேபர்’ முன்பதிவு அமைப்பு 1964இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 1981இல் நியூவார்க்கிலிருந்து பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விமான நிறுவனம், பஸ் கண்டக்டரைப் போலப் பறக்கும்போதே பயணிகளிடம் காசு வாங்கியது. 1985இல் அமெரிக்கன், எந்த விமானத்தில் எத்தனை இருக்கை காலியாகப் போகும் என்று கணினியில் கணித்து, அவற்றை மட்டும் அடிமாட்டு விலைக்கு விற்றது. பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் அப்படிக் கணிக்கும் வசதி இல்லை. 1987க்குள் அது வேறொரு நிறுவனத்துக்குள் கரைந்துபோனது. தோல்விக்கு அளவுமீறிய விரிவாக்கமே காரணம் என்போரும் உண்டு. நிறுவனர் டொனால்ட் பர் குறிப்பிட்டது கணினியைத்தான்.

காகித டிக்கெட்டை ஒழித்தவர்களில் முன்னோடி, சால்ட் லேக் சிட்டியின் மோரிஸ் ஏர் என்ற சிறு நிறுவனம். அதை நடத்தியவர்களில் ஒருவரான டேவிட் நீல்மேன், பயணிக்கு டிக்கெட்டுக்குப் பதில் ஓர் எண்ணைக் கொடுத்தார். 1993இல் சவுத்வெஸ்ட் என்ற அமெரிக்க மலிவு விமான நிறுவனம் மோரிஸ் ஏரை வாங்கியது. 1995இல் தானும் காகிதமில்லா டிக்கெட்டைக் கொண்டுவந்தது. மோரிஸ் ஏரிலிருந்து பிறந்த ‘ஓப்பன் ஸ்கைஸ்’ மென்பொருள் கைமாறிக் கைமாறி ‘நேவிட்டேர்’ என்ற நிறுவனத்திடம் சேர்ந்தது. இந்தியாவின் இண்டிகோ பின்னாளில் டிக்கெட் விற்கப் பயன்படுத்தியது இந்தக் குடும்பத்து மென்பொருளையே.

இந்தியாவில் சிற்றூர் விமான சேவைக்கான முதல் பெரிய முயற்சி வாயுதூத். 1981இல் அரசு தொடங்கிய இந்நிறுவனத்தின் கால அட்டவணையில், நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் தன் நகரியத்தில் வைத்திருந்த சிறு ஓடுதளத்தின் காரணமாக நெய்வேலியும் இடம்பெற்றிருந்தது. அக்காலத்து விமான டிக்கெட், பின்பக்கம் சிவப்பு கார்பன் பூசிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்த சிறு புத்தகம். முகவர் பேனாவை அழுத்தி எழுத, எல்லாத் தாளிலும் பதியும். எடுத்தவர் விரலில் சிவப்பு ஒட்டும். 1990களில் வாயுதூத் ஓய்ந்தது.

கோரூர் ராமசாமி கோபிநாத் 2003இல் தொடங்கிய ஏர் டெக்கான்தான் இத்துறையின் இந்திய வரலாற்றில் அதிகம் எழுதப்பட்ட அத்தியாயம். ராணுவத்தில் கேப்டனாக இருந்து, பின் ஹாசன் மாவட்டத்தில் பட்டுப்பூச்சி வளர்த்து, 1997இல் ஹெலிகாப்டர் வாடகை நிறுவனம் நடத்திய அவர், 48 இருக்கை ஏடிஆர் விமானங்களுடன் களமிறங்கினார். முதல் விமானம் பெங்களூருக்கும் ஹூப்ளிக்கும் இடையே ஆகஸ்ட் 2003இல் பறந்தது. நாள் 23 என்றும் 25 என்றும் இருவிதமாகக் குறிக்கப்படுகிறது. அவர் வாழ்க்கையைத் தழுவிய ‘சூரரைப் போற்று’ (2020) படம் நாயகனைச் சோழவந்தான்காரராக்கிவிட்டது.

படம் அதிகம் கண்டுகொள்ளாத பகுதி டிக்கெட் விற்பனை. அன்றைய விமான நிறுவனங்கள் பன்னாட்டு முன்பதிவு வலையமைப்புகளுக்கு ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கட்டணம் செலுத்தின. முகவருக்குக் கமிஷன் தனி. ஏர் டெக்கான் அந்த வலையமைப்புகளுக்கு வெளியே நின்றது. தன் இணையதளம், கால் சென்டர், முன்பணம் கட்டி வைத்துத் தாங்களே பதிவுசெய்துகொள்ளும் முகவர்கள் ஆகியவற்றின் வழியே விற்றது. டிக்கெட் என்பது சாதாரண ஏ4 தாளில் யார் வேண்டுமானாலும் அச்செடுத்துக்கொள்ளும் ஒரு பக்கம். காகித டிக்கெட் ஒன்றைக் கையாள 10 டாலர், மின் டிக்கெட்டுக்கு 1 டாலர் என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்கு. அச்சங்கம் காகித டிக்கெட்டை உலகெங்கும் நிறுத்திய நாள் 1 ஜூன் 2008. ஏர் டெக்கானோ அதற்கு ஏறத்தாழ ஐந்தாண்டு முன்பே காகிதமில்லாமல் தொடங்கியிருந்தது.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. இணையத்தில் வாங்கக் கிரெடிட் கார்டு வேண்டும். 2003இன் இந்தியாவில் அது சிலர் கையில்தான் இருந்தது. இந்திய ரயில்வே 2002 ஆகஸ்டிலேயே இணைய முன்பதிவைத் தொடங்கியிருந்தாலும் பெரும்பாலோர் கவுன்ட்டரில் ரொக்கம் நீட்டுபவர்களே. ஏர் டெக்கான் கண்ட வழி அழகானது: இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பெட்ரோல் பங்குகளிலும் ரிலையன்ஸ் வெப்வேர்ல்டு கடைகளிலும் டிக்கெட் விற்றது. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட வந்தவர் விமான டிக்கெட்டோடு வீடு திரும்பலாம்.

ஏர் டெக்கான் விற்ற ஒரு ரூபாய் டிக்கெட்டின் சூட்சுமமும் மென்பொருளில்தான். விமானத்தின் இருக்கைகளைப் பல விலைத் தட்டுகளாகப் பிரித்து, அடித்தட்டில் சிலவற்றை மட்டும் ஒரு ரூபாய்க்கு வைப்பார்கள், வரி தனி. அவை தீர்ந்ததும் கணினி தானே அடுத்த விலைக்கு ஏறும். கடைசி நாளில் வாங்குபவர் செலுத்தும் தொகை, முதலில் வாங்கியவரின் இருக்கையையும் சுமக்கும். இருக்கை எண்ணே தரப்படாததால் பயணிகள் பஸ்ஸில் போலத் துண்டு போடாத குறையாக இடம் பிடித்தார்கள். தூத்துக்குடி உட்பட 60க்கும் மேற்பட்ட ஊர்களுக்கு நிறுவனம் பறந்தது.

இத்தனை சிக்கனத்துக்குப் பிறகும் நஷ்டம் பெருகியது. ஒரு ரூபாய் விலைதான் கெடுத்தது என்றார்கள் விமர்சகர்கள். விமானமே ஏறாதவர்களை ஏற்றிய முதலீடு அது என்றார் கோபிநாத். எரிபொருள் வரி, விமான நிலைய நெரிசல், அவசர விரிவாக்கம் என்று காரணங்கள் இன்னும் நீளும். எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் உடன்பாடில்லை. 2007இல் விஜய் மல்லையாவின் குழுமம் 26 விழுக்காடு பங்கை வாங்கியது. 2008இல் பெயர் கிங்ஃபிஷர் ரெட் ஆனது, 2011இல் அதுவும் கைவிடப்பட்டது.

4 ஆகஸ்ட் 2006இல் பறக்கத் தொடங்கிய இண்டிகோ அதே பாடத்தைச் சத்தமில்லாமல் படித்தது. விமானம் வாயிலைவிட்டு நகர்ந்த நொடியையும் தரையிறங்கிய நொடியையும் விமானமே தலைமையகத்துக்கு அனுப்பும் கருவியைப் பொருத்தியதால், தாமதத்தை யாரும் பூசி மெழுக முடியவில்லை. ஒருகாலத்தில் கவுன்ட்டர் ஊழியர் செய்த போர்டிங் பாஸ் வழங்கும் வேலை பயணியின் கைபேசிக்கு மாறியது. அதையும் கட்டணமாக்கும் ஆசை நிறுவனங்களை விடவில்லை: கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் கொடுக்கத் தனிக் காசு வாங்கியதை 2022 ஜூலையில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் தடுத்தது. அது சரியான தலையீடு.

கணினியே திருப்பி அடித்ததும் உண்டு. 2022 டிசம்பர் பனிப்புயலில் சவுத்வெஸ்டின் பழைய பணியாளர் ஒதுக்கீட்டு மென்பொருள் திணறி, 16,000க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. 19 ஜூலை 2024இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறு விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது, இந்திய விமான நிலையங்களில் இண்டிகோ ஊழியர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

மீண்டும் சிற்றூர்களுக்கு வருவோம்: அவற்றை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் முதல் சுற்றில், 2017 மார்ச்சில், நெய்வேலி–சென்னைத் தடம் ஏர் ஒடிசாவுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு மணி நேரப் பறப்புக்கு ரூ. 2,500 என்பது சலுகை இருக்கைகளின் அப்போதைய உச்சவரம்பு. கோபிநாத் புதுப்பித்த ஏர் டெக்கானும் அதே சுற்றில் வேறு தடங்களைப் பெற்று, 2020 கொரோனா முடக்கத்தில் நின்றது. ஏர் ஒடிசா நெய்வேலிக்குப் பறக்கவே இல்லை. இண்டிகோ 2024 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் சேவை தொடங்கியது. நெய்வேலி நகரியத்தார் எந்த பிளாக்கில் இருந்தபடியும் கைபேசியில் டிக்கெட் எடுக்கலாம். விமானம் ஏற இன்றும் புதுச்சேரிக்கோ சென்னை மீனம்பாக்கத்துக்கோதான் போக வேண்டும்.