தற்காலிக மின்வழங்கல் (கட்டிடப் புதுப்பித்தல்)

தற்காலிக மின்வழங்கல் என்பது, ஒரு கட்டிடத்தைப் புதுப்பிக்கும்போதோ விரிவாக்கும்போதோ அதன் நிலையான மின்கம்பியமைப்பு முழுவதுமாகவோ பகுதியாகவோ துண்டிக்கப்பட்டிருக்கும் காலத்துக்கு மட்டும் செய்யப்படும் மின்சார ஏற்பாடு ஆகும். துளையிடும் கருவி, கல் வெட்டும் கருவி, கலவை இயந்திரம், நீரேற்றி, விளக்குகள் முதலியவை இதன்மூலம் இயங்குகின்றன. வேலை நடைபெறும் வீட்டிலேயே குடும்பத்தினர் தொடர்ந்து வசிப்பதாயின், அவர்களுடைய அன்றாடத் தேவைகளுக்கும் இதுவே பயன்படும். சில வாரங்களுக்கு மட்டுமே தேவைப்படுவது என்பதால் இதனைக் கவனக்குறைவாக அமைப்பது வழக்கமாக உள்ளது. உண்மையில், நிலையான அமைப்பைக் காட்டிலும் கூடுதலான பாதுகாப்பு இதற்குத் தேவைப்படுகின்றது.

இடர்கள்

முடிவுற்ற வீடொன்றில் மின்கம்பிகள் சுவருக்குள் குழாய்களில் மறைந்திருக்கும், தளம் உலர்ந்திருக்கும். புதுப்பிக்கப்படும் வீட்டில் நிலைமை வேறானது.

* சிமெந்துப் பூச்சுக்கு நீராற்றுவதால் சுவரும் தளமும் பல நாட்கள் ஈரமாக இருக்கும்.
* கம்பிகள் தரையிற் கிடந்து மிதிபடுவதாலும், செங்கல், சாரக் கால் போன்றவற்றின் கீழ் நசுங்குவதாலும் அவற்றின் காப்புறை சேதமடையும்.
* சுவரை உடைக்கும்போது, உள்ளே மறைந்துள்ள பழைய மின்கம்பி வெட்டுப்படலாம்.
* தொழிலாளர்கள் பெரும்பாலும் வெறுங்காலுடனோ ஈரமான காலணியுடனோ நிற்பர்.

உருகியும் மனித உடலும்

வீட்டில் உருகியோ சுற்று முறிப்பானோ இருப்பதால் மின்னதிர்ச்சியிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். இவை மிகை மின்னோட்டத்தால் கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்கானவை.

மனித உடலின் மின்தடை தோலின் ஈரம், தொடும் பரப்பு, மின்னழுத்தம் ஆகியவற்றைப் பொறுத்து மாறுபடும். கணக்கீட்டுக்காக இதனை 1000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட் மின்னழுத்தத்தில் உடலினூடாக 230 மில்லியம்பியர் பாயும். இது 16 ஆம்பியர் சுற்று முறிப்பானின் அளவில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே முறிப்பான் இயங்காது. ஆனால் சில பத்து மில்லியம்பியர் மின்னோட்டம் மார்பினூடாகப் பாய்ந்தாலே இதயத் துடிப்புச் சீர்குலைந்து உயிரிழப்பு ஏற்படக்கூடும். அதற்கும் குறைந்த அளவிலேயே கைத் தசைகள் இறுகிக்கொள்வதால், பிடித்த கருவியை விட முடியாமற் போகும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சார்லசு டால்சியல் தன்னார்வலர்களிடம் நடத்திய ஆய்வுகளில், பிடியை விடக்கூடிய மின்னோட்டத்தின் எல்லை ஆண்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 16 மில்லியம்பியர் எனவும், பெண்களுக்கு ஏறத்தாழ 10.5 மில்லியம்பியர் எனவும் கண்டறியப்பட்டது.

கசிவு மின்னோட்ட முறிப்பான்

மேற்கூறிய இடைவெளியை நிரப்புவது கசிவு மின்னோட்ட முறிப்பான் ஆகும். இலங்கையில் இது டிரிப் சுவிட்சு எனப் பரவலாக அறியப்படுகின்றது. மின்கம்பி வழியே செல்லும் மின்னோட்டத்தையும் நொதுமல் கம்பி வழியே திரும்பும் மின்னோட்டத்தையும் இக்கருவி ஒப்பிடுகின்றது. இரண்டும் சமமாக இல்லையெனில், ஒரு பகுதி வேறு வழியில், ஒருவேளை மனித உடலினூடாக, நிலத்துக்குச் செல்கின்றது எனப் பொருள். அப்போது கருவி இணைப்பைத் துண்டிக்கும். ஆட்களின் பாதுகாப்புக்கு 30 மில்லியம்பியர் அளவுள்ள கருவி பயன்படுகின்றது. பொது வகைக் கருவி இந்த அளவில் 300 மில்லி நொடிக்குள்ளும், இதன் ஐந்து மடங்கில் 40 மில்லி நொடிக்குள்ளும் துண்டிக்க வேண்டும்.

எனினும் இக்கருவிக்கு வரம்புகள் உள்ளன. இது அதிர்ச்சியின் வலுவைக் குறைப்பதில்லை. அது நீடிக்கும் நேரத்தையே குறைக்கின்றது. மின்கம்பியையும் நொதுமலையும் ஒருவர் ஒருங்கே தொட்டு, நிலத்துக்கு மின்சாரம் கசியாவிடின், இது இயங்காது. புவித்தொடுப்பு இல்லாவிடினும் இது வேலை செய்யும். ஆனால் யாராவது தொட்ட பின்னரே துண்டிக்கும். புவித்தொடுப்பு முறையாக இருப்பின், கருவியின் உலோக உறைக்கு மின்சாரம் கசிந்த உடனேயே, எவரும் தொடுமுன்னரே துண்டித்துவிடும். எனவே இரண்டும் தேவை. முறிப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை நாள்தோறும் வேலை தொடங்குமுன் அழுத்திப் பார்ப்பது நல்லது.

மின்சார மூலங்கள்

இருக்கும் இணைப்பு: சிறிய வேலைகளுக்கு வீட்டின் இணைப்பே போதுமானது. உடைக்கப்படவுள்ள சுவரிலுள்ள செருகுவாயிலிருந்து மின்சாரம் எடுக்காமல், மின்மானிக்கும் முதன்மை ஆளிக்கும் அடுத்து ஒரு தனி வழங்கற் பலகையை அமைத்து, அதிலிருந்தே எடுக்க வேண்டும். பலகையில் 30 மில்லியம்பியர் முறிப்பானும், ஒவ்வொரு சுற்றுக்கும் தனிச் சுற்று முறிப்பானும் இருத்தல் வேண்டும். பலகை நீர் படாத உறைக்குள், தரைமட்டத்திலிருந்து உயரமாக, எளிதில் எட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

தனித் தற்காலிக இணைப்பு: பெரிய வேலைகளுக்கு மின்வழங்கல் நிறுவனத்திடம் தனி இணைப்புப் பெறப்படுகின்றது. தமிழ்நாட்டில் தற்காலிக இணைப்புகளுக்கு வீட்டு இணைப்பைவிடக் கூடுதலான கட்டணத்துடன் தனிக் கட்டண வகை உள்ளது. இச்செலவைத் தவிர்க்கச் சிலர் மின்வழங்கல் கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதுண்டு. இந்திய மின்சாரச் சட்டம், 2003 இன் 135 ஆம் பிரிவின்படி இது மின்திருட்டு ஆகும். அனுமதிக்கப்பட்ட பயனுக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது 126 ஆம் பிரிவின்கீழ் வருகின்றது. எனவே வீட்டு இணைப்பைக் கட்டிட வேலைக்குப் பயன்படுத்துமுன் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிவது முறையாகும்.

மின்னியற்றி: இதனை வீட்டின் செருகுவாய் வழியாகக் கம்பியமைப்பில் இணைப்பது மிகவும் ஆபத்தானது. மின்சாரம் மின்மானி வழியே எதிர்த்திசையில் சென்று, தெரு மின்மாற்றியில் 11,000 வோல்ட் அளவுக்கு உயர்ந்து, மின்தடை எனக் கருதிக் கம்பியில் வேலை செய்யும் பணியாளரைக் கொல்லக்கூடும். ஒரே நேரத்தில் ஒரு மூலத்தை மட்டும் இணைக்கும் மாற்று ஆளி இதற்குக் கட்டாயம் தேவை. மின்னியற்றியின் புகையில் நச்சுத்தன்மையுள்ள காபனோரொட்சைட்டு இருப்பதால், அதனை வீட்டுக்குள் இயக்கலாகாது.

பழைய கம்பியமைப்பைத் தனிமைப்படுத்தல்

வேலை நடைபெறும் பகுதியின் பழைய சுற்றுகளைத் துண்டித்து, முறிப்பானைப் பூட்டி, எச்சரிக்கைப் பலகை தொங்கவிட வேண்டும். பின்னர், வேலை செய்யும் நிலையிலுள்ளதென உறுதிசெய்யப்பட்ட சோதனைக் கருவியால் ஒவ்வொரு கம்பியிலும் மின்சாரம் இல்லை என்பதைச் சோதிக்க வேண்டும். முதன்மை ஆளியை நிறுத்திய பின்னும் இன்வெர்ட்டர் சில சுற்றுகளுக்கு மின்சாரம் வழங்கிக்கொண்டிருக்கும் என்பது பலரும் மறக்கும் உண்மை. இன்வெர்ட்டரையும், மின்கலத்துடன் கூடிய கூரைச் சூரிய மின்னமைப்பையும் தனியாகத் துண்டிக்க வேண்டும்.

கம்பிகள்

1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். 50 மீட்டர் தொலைவுக்குப் போகவும் வரவும் 100 மீட்டர் என்பதால், தடை 1.2 ஓம் ஆகின்றது. இதில் 10 ஆம்பியர் பாய்ந்தால் 12 வோல்ட் இழக்கப்பட்டு, கம்பியில் 120 வாட் வெப்பம் உண்டாகும். நீட்டி விரிக்கப்பட்ட கம்பியிலிருந்து இவ்வெப்பம் வெளியேறிவிடும். உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால், உள்ளே தேங்கிக் காப்புறையை உருக்கிவிடும். ஆகவே சுற்றிய கம்பியை முழுவதுமாக விரித்தே பயன்படுத்த வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடராக இணைப்பதும், செருகியின்றி வெறுங் கம்பியைச் செருகுவாயில் நுழைத்துக் குச்சியால் இறுக்குவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

பிற நாடுகளின் நடைமுறை

ஐக்கிய இராச்சியத்தில் கட்டிட வேலைக் களங்களில் 110 வோல்ட் கருவிகளே வழக்கத்தில் உள்ளன. இதற்கான மின்மாற்றியின் இரண்டாம் சுற்றின் நடுப்புள்ளி நிலத்துடன் இணைக்கப்படுவதால், எந்தக் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 55 வோல்ட் மட்டுமே இருக்கும். இவ்வகைச் செருகிகள் மஞ்சள் நிறத்தவை. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில் தற்காலிக மின்னமைப்புகள் 590 ஆம் பிரிவில் கூறப்படுகின்றன. அங்கு பயன்படும் முறிப்பான்கள் 4 முதல் 6 மில்லியம்பியர் கசிவிலேயே இயங்கக்கூடியவை. அனைத்துலக மின்தொழினுட்ப ஆணையத்தின் 60364 சீர்தரத்தில் கட்டிடக் களங்களுக்கென 704 ஆம் பகுதி உள்ளது.

நீக்குதல்

வேலை முடிந்ததும் தற்காலிக அமைப்பு முழுவதையும் அகற்ற வேண்டும். அதன் கம்பிகளைப் பூச்சுக்குள் மறைத்து நிலையான அமைப்பின் பகுதியாக்குவது, பின்னாளில் அதே சுவரில் துளையிடுபவருக்கு ஆபத்தாக முடியும். புதிய கம்பியமைப்பின் காப்புத் தடையையும் புவித்தொடுப்பையும் உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்த பின்னரே நிலையான மின்வழங்கல் மீள இணைக்கப்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* மின்னதிர்ச்சி
* புவித்தொடுப்பு
* சுற்று முறிப்பான்
* மின்னியற்றி