சங்கிலியாண்டபுரத்துச் சிறுவனும் ‘சபாஷ் மீனா’வும்

திருச்சிராப்பள்ளிப் பாலக்கரையில், பிரபாத் திரையரங்கின் பெயரைத் தாங்கிய ரவுண்டானாவில், 2011ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சிவாஜி கணேசனின் சிலை ஒன்று பல்லாண்டுகள் துணியால் மூடப்பட்டே நின்றிருந்தது. பிறகு அது புத்தூருக்கு இடம் மாறி, 2025 மே மாதத்தில்தான் திறப்புவிழா கண்டது. சிலையைப் பற்றிய வழக்குகளும் அரசியலும் இங்கே நமக்கு வேண்டா. எனக்கு வேறொரு குறை உண்டு. சிவாஜி என்றதும் தமிழர் மனத்தில் எழும் உருவமும் இத்தகைய சிலைதான்: கட்டபொம்மனாக முழங்குபவர், கர்ணனாக வீழ்பவர், தந்தையாகக் கலங்குபவர். சிரிக்க வைத்த கணேசன் இன்னும் துணிக்குள்தான் இருக்கிறார். அவரை வெளிக்கொணர 1958ஆம் ஆண்டின் ‘சபாஷ் மீனா’வைவிடப் பொருத்தமான படம் இல்லை என்பது என் துணிபு.

பாலக்கரையை அடுத்த சங்கிலியாண்டபுரத்தில்தான் கணேசன் சிறுவனாக வளர்ந்தார். அண்டை அயலில் விளையாட்டுத் தோழர், பின்னாளில் ‘காகா’ என்ற அடைமொழி பெற்ற ராதாகிருஷ்ணன். அங்கே ஆடப்பட்ட கட்டபொம்மன் கூத்தைக் கண்டு நடிப்பின்மேல் வேட்கை கொண்டதையும், தான் அநாதை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்ததையும் அவரே தம் சுயசரிதையில் கூறியிருக்கிறார். வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முன்னோடி என்று இந்நிகழ்ச்சியை எல்லோரும் மேற்கோள் காட்டுவர். ஆனால் அந்தப் பொய்யை யாரும் கவனிப்பதில்லை. தன்னை வேறொருவன் என்று சொல்லிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைவது துன்பியலின் தொடக்கமன்று. நகைச்சுவை நாடகத்தின் தொடக்கம்.

பாய்ஸ் கம்பெனி என்று வழங்கப்பட்ட அக்குழுக்களின் பயிற்சி எத்தகையது? கணேசனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேடம் சீதை. அதே இராமாயணத்தில் பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித்து என்று வேடங்கள் மாறிக்கொண்டே இருந்தன. பன்னிரண்டு வயதுக்குள் ஒரு சிறுவன் நாணவும் வெகுளவும் குழையவும் மிரட்டவும் பழக வேண்டும். ஒரே உடல் பலராக மாறுவதே அங்கு அன்றாடப் பாடம். அவலச்சுவைக்கு இப்பயிற்சி உதவியதைவிட நகைச்சுவைக்கு அதிகம் உதவியிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

1958ஆம் ஆண்டு அவர் நடித்தவற்றைப் பாருங்கள். ‘உத்தம புத்திர’னில் இரட்டை வேடம். ‘சம்பூர்ண ராமாயண’த்தில் பரதன், சிறுவயதில் மேடையில் ஏற்ற அதே பரதன். அந்நடிப்பை இராஜாஜி பாராட்டியது பலரும் அறிந்த செய்தி. இவற்றுக்குப் பின் அக்டோபர் மாதத்தில் வந்தது ‘சபாஷ் மீனா’. பத்மினி பிக்சர்ஸ் நிறுவனத்துக்காக பி.ஆர். பந்துலு தயாரித்து இயக்கினார். கதை தாதா மிராசி, உரையாடல் ப. நீலகண்டன், இசை டி.ஜி. லிங்கப்பா. லிங்கப்பாவும் திருச்சிக்காரரே. அடுத்த ஆண்டில் இதே பந்துலு இதே கணேசனைக் கொண்டு ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னை எடுத்தபோது இசையமைத்த ஜி. ராமநாதனோ திருச்சியை அடுத்த பிச்சாண்டார்கோயிலில் பிறந்தவர். காவிரிக்கரை ஊர்க்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவராகப் பந்துலுவுக்கு வாய்த்தார்கள் போலும்!

கதை எளிது. பொறுப்பின்றித் திரியும் செல்வர் மகன் மோகனைத் திருத்துவதற்காகத் தந்தை சென்னையிலுள்ள நண்பர் வீட்டுக்கு அனுப்புகிறார். கட்டுப்பாட்டுக்கு அஞ்சிய மோகன், தன் பெயரில் தோழன் சேகரை அங்கே அனுப்பிவிட்டுத் தான் வேறிடத்தில் தங்குகிறான். போலி மோகன் அவ்வீட்டுப் பெண் மாலதியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். உண்மை மோகன் மீனா என்ற எளிய பெண்ணிடம். போதாக்குறைக்குச் சேகரின் உருவத்தையே அச்செடுத்தாற்போல ஒரு ரிக்‌ஷாக்காரன். மோகனாகச் சிவாஜி, மீனாவாக மாலினி, மாலதியாக சரோஜாதேவி; சேகர், ரிக்‌ஷாக்காரன் இருவரும் சந்திரபாபு.

பெயரை மாற்றிச் சொல்லிக் காதலிப்பது உலக நாடக மேடையின் மிகப் பழைய தந்திரம். ஆஸ்கார் வைல்டு 1895இல் அதை வைத்து ஒரு நாடகமே எழுதிவிட்டார். உருவ ஒற்றுமையால் விளையும் குழப்பமோ ரோமானியர் காலத்துப் பிளாட்டஸிடமிருந்து ஷேக்ஸ்பியருக்கு வந்தது. பந்துலு குழுவினர் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் இட்டுக் கிளறினார்கள். தமிழில் இவ்வகைக்கு நிலம் முன்பே பண்பட்டிருந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ 1941இல் படமாயிற்று. 1955இல் ‘மிஸ்ஸியம்மா’ வந்தது. எனினும் ‘சபாபதி’யில் சிரிப்பு பெரும்பாலும் எசமானன், வேலையாள் என்ற இருவரின் அசட்டுத்தனத்தில் தங்கிவிடுகிறது. ‘சபாஷ் மீனா’வில் அது சூழ்ச்சியிலிருந்து பிறக்கிறது. ஒரு பொய்யைக் காக்க மற்றொரு பொய், அதைக் காக்க இன்னொன்று என்று கட்டடம் உயர உயர, எப்போது சரியும் என்று நாம் இருக்கை நுனிக்கு வந்துவிடுகிறோம்.

இனி நடிப்பு. படத்தைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொள்பவர் சந்திரபாபு. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் படித்து, மேனாட்டுப் பாணியில் பாடியும் ஆடியும் வந்த மனிதர். அவர் ரிக்‌ஷாக்காரனாக வந்து சென்னைத் தமிழைப் பொழிவதைக் கேட்டால், ஒரு நகரத்தின் பேச்சைக் காதால் உறிஞ்சி வைத்திருந்தவர் என்று விளங்கும். சேகரின் மொழியும் நடையும் முற்றிலும் வேறு. இப்படத்துக்குக் கதாநாயகனைவிட ஒரு ரூபாய் கூடுதலாக ஊதியம் கேட்டார் என்றொரு கதை திரையுலகில் உலவுகிறது. கதையே ஆனாலும், படம் பார்த்தவர்க்கு அது மிகையாகத் தோன்றாது.

அப்படியானால் சிவாஜி செய்ததென்ன? ஒதுங்கி நின்றார். பராசக்தி தொட்டுத் திரையை முழுதாக ஆக்கிரமித்துப் பழகிய ஒருவர், தம் படத்திலேயே மற்றொருவர் கைதட்டல் வாங்க இடம்விட்டு, அந்தச் சிரிப்புக்கு வேண்டிய சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நகைச்சுவைக் காட்சியில் எதிரே நிற்பவரின் முகமே பாதி வேலையைச் செய்கிறது என்பதை நாடகக்காரர் அறிவர். சந்திரபாபு துள்ளும்போது சிவாஜியின் கண்ணில் ஓடும் குறும்பையும் கலக்கத்தையும் கவனித்துப் பாருங்கள். உரத்த குரலுக்காக அவரைப் பழிப்பவர்கள் இப்படத்தைப் பார்த்ததில்லை என்றே கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. பிற்பகுதி நீளம், மாலினிக்குக் கதை அதிகம் இடம் தரவில்லை. சரோஜாதேவியோ முந்தைய ஆண்டு ‘தங்கமலை ரகசிய’த்தில் ஒரு நடனத்துக்கு வந்துபோனவர், 1958 ஆகஸ்டில் ‘நாடோடி மன்ன’னும் வெளியாகிவிட, இங்கே அவர் முகத்தில் ஒரு புதுத் தெளிவு. கு.மா. பாலசுப்பிரமணியம் எழுதி டி.எம். சௌந்தரராஜன் பாடிய ‘சித்திரம் பேசுதடி’ எவ்வளவு ஆழ ஊன்றியதென்றால், 2006இல் மிஷ்கின் தம் முதல் படத்துக்கு அதையே தலைப்பாக்கினார்.

ஆயினும் 1959 மே மாதத்தில் கட்டபொம்மன் வந்தான். 1960இல் கெய்ரோவில் விருதும் வந்தது. ஏழு மாதத்துக்கு முந்தைய சிரிப்பு அந்த முழக்கத்தில் அடங்கிவிட்டது. ‘பலே பாண்டியா’, ‘ஊட்டி வரை உறவு’, ‘கலாட்டா கல்யாணம்’ என்று அவர் நகைச்சுவைக்குத் திரும்பத் திரும்ப வந்தும், பட்டியலிடுவோர் அவற்றை இடைவேளைத் தின்பண்டமாகவே எண்ணினர். முதற்சொன்ன படத்தில் மூன்று வேடச் சிவாஜியோடு இரண்டு வேடத்தில் மல்லுக்கு நின்ற எம்.ஆர். ராதாவும் பொன்னுசாமிப் பிள்ளை குழுவில் இருந்தவர்தாம். 1979இல் அவர் மறைந்ததும் திருச்சியில்.

கதைக்கு மட்டும் நீண்ட ஆயுள். 1962இல் பந்துலுவே அதை இந்தியில் ‘தில் தேரா தீவானா’ என்று எடுத்தார். ஷம்மி கபூர் நாயகன். சந்திரபாபுவின் பங்கை மெஹ்மூத் ஏற்று, சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் பெற்றார். 1996இல் சுந்தர்.சி.யின் ‘உள்ளத்தை அள்ளித்தா’வில் கார்த்திக்கும் கவுண்டமணியும் ஆள்மாறாட்டம் செய்தபோது, அரங்கிலிருந்த இளைஞர்கள் சிரித்தது தங்கள் பெற்றோர் சிரித்த அதே பொய்க்குத்தான். சந்திரபாபு அதைக் காண இல்லை. 1974 மார்ச்சில், நாற்பத்தாறு வயதில், கையில் பணமின்றி அவர் மறைந்திருந்தார்.