விருத்தாசலம் பிள்ளை கதை தெரியும்லா?

எங்க வீட்டுல எவனாவது கதை கிதைன்னு நோட்டைத் தூக்கினா பெரியப்பா ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. "விருத்தாசலம் பிள்ளை கதை தெரியும்லாடே?" எழுதப் போனா பட்டினி, சினிமாவுக்குப் போனா சாவு. அம்புட்டுதான் அர்த்தம். அவங்க சொன்ன ஆள் சொ. விருத்தாசலம், அதாவது நம்ம புதுமைப்பித்தன்.

போன மாசம் அக்கா மகன் வந்து, "மாமா, வேலையை விட்டுட்டு சென்னைக்குப் போகலாம்னு இருக்கேன், சினிமாவுக்கு"ன்னு சொன்னான். என்னையறியாம அதே கேள்வி என் வாயிலயும் வந்துருச்சு. கேட்ட பொறவுதான் உறைச்சுது. அந்தக் கதை எனக்கே முழுசாத் தெரியுமா? மறுபடியும் புத்தகங்களை எடுத்து உக்காந்தேன்.

பிறந்தது 1906-ல, கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல. அப்பா தாசில்தார். எட்டு வயசுல அம்மா பர்வதம்மாள் போயிட்டாங்க. அப்பா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டார். அப்பா ரிட்டயர் ஆகி 1918-ல திருநெல்வேலிக்கே திரும்பினதும் படிப்பெல்லாம் நம்மூர்ல. இந்துக் கல்லூரியில பி.ஏ. முடிச்சது 1931-ல. அடுத்த வருஷம் கமலாவோட கல்யாணம். அரசாங்க வேலைக்குப் போயிருந்தா பென்ஷனோட பாளையங்கோட்டையில வீடு கட்டியிருக்கலாம். மனுஷன் எழுதப் போனார்.

1934-ல இருந்து 'மணிக்கொடி'யில கதைகள். வாசவன்பட்டியில ஆரம்பிச்சு இலங்கை தேயிலைத் தோட்டம் வரைக்கும் போற 'துன்பக்கேணி' 1935-லயே வந்துருச்சு. ஆனா மணிக்கொடி பணம் புரளுற பத்திரிகை இல்லை. சோத்துக்கு 'தினமணி' உத்தியோகம். 1943-ல தென்காசிக்காரரான டி.எஸ். சொக்கலிங்கம் தினமணியை விட்டு வெளிய வந்தப்போ இவரும் கூடவே வந்துட்டார். அடுத்து 'தினசரி'. அதுவும் நிலைக்கலை. அதுக்கப்புறம்தான் சினிமா!

இதுதான் பெரியப்பா சொல்லாம விட்ட பகுதி. மனுஷன் மினுமினுப்பைப் பாத்து மட்டும் மயங்கிப் போகலை. நூத்துக்குக் கிட்ட கதை எழுதின ஆளுக்கு, எழுத்துக்குக் கூலி குடுக்கிற இடம்னு அன்னைக்கு இருந்தது சினிமாதான். ஆசையும் இருந்துச்சு, இல்லேங்கலை. 'ஔவையார்' படத்துக்கு வசனம் எழுதினார். 1953-ல அது வந்தப்போ பாக்க அவர் இல்லை. 'பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ்'னு சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சு 'வசந்தவல்லி'ன்னு படம் எடுக்கப் பாத்தார். கம்பெனி பேருல அம்மா பேரு, படத்தோட பேரு குற்றாலக் குறவஞ்சி நாயகியோட பேரு. மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு மனசு எங்க சுத்தியிருக்கு பாருங்க. படம் முடியவே இல்லை.

கடைசியா 'ராஜமுக்தி'. ஜெயில்ல இருந்து வெளிய வந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் எடுத்த படம். அதுக்கு வசனம் எழுத புனாவுக்குப் போனார். அங்கதான் காசநோய் முத்திடுச்சு. மனைவி ஊரான திருவனந்தபுரத்துக்கு வந்து, 1948 ஜூன் 30-ஆம் தேதி முடிஞ்சுது. வயசு 42. மகளுக்கு ரெண்டு வயசு. ராஜமுக்தி அதே வருஷம் ரிலீஸாகி, ஓடலை.

பிரிஞ்சு இருந்த காலத்துல கமலாவுக்கு எழுதின கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு'ன்னு புத்தகமா வந்திருக்கு. அதைப் படிச்சா மேதை, கலகக்காரர் எல்லாம் மறந்துபோவும். காசு அனுப்பணுமேன்னு தவிக்கிற ஒரு புருஷன்தான் தெரிவார். எனக்கு நாலு கடிதத்துக்கு மேல ஒரே மூச்சுல படிக்க முடியலை.

சரி, கதை அங்க முடிஞ்சுதா? இல்லை. 31 வருஷம் கழிச்சு, 1979-ல, மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். அதுக்கு விதை புதுமைப்பித்தனோட 'சிற்றன்னை'. கதையை நிறைய மாத்திட்டார்னாலும் அதை மகேந்திரன் மறைக்கலை. தாயில்லாப் பிள்ளைங்களோட கதை. எட்டு வயசுல அம்மாவைப் பறிகொடுத்தவர் எழுதினது. தமிழ்ல வந்த நல்ல படம்னு யார் லிஸ்ட் போட்டாலும் அதுல உதிரிப்பூக்கள் இருக்கும். உயிரோட இருந்தப்போ வசனத்துக்கு அலைஞ்ச ஆளை, செத்த பிறகு சினிமாவே தேடி வந்துச்சு. 2002-ல தமிழ்நாடு அரசு அவர் எழுத்துக்களை நாட்டுடைமை ஆக்குச்சு. அவர் போயி 54 வருஷம் ஆயிருந்துச்சு.

இதுல இருந்து என் மருமகனுக்கு என்ன சொல்றது? போன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பேங்க் வேலையில இருந்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் எழுதுற நான், போகாதேன்னு சொல்லவும் யோக்கியதை இல்லை. 'சிற்றன்னை'யையும் கடிதப் புத்தகத்தையும் சேத்தே குடுத்தேன். "ரெண்டையும் படிச்சு முடிச்சுட்டு வாலே, பேசுவோம்"னேன்.

நேத்து போன் பண்ணான். "மாமா, சிற்றன்னை முடிச்சுட்டேன். லெட்டர் புக்கு பாதியில நிக்குது"ன்னான்.

எனக்கும் அங்கதான் நின்னுச்சுடேன்னு சொன்னேன்.