பிரேக் அதிர்வு

பிரேக் அதிர்வு என்பது, ஓடும் தானுந்தின் பிரேக் மிதியை அழுத்தும்போது மட்டும் ஸ்டீயரிங் வளையமோ மிதியோ வண்டியின் தரைப்பகுதியோ நடுங்கும் பழுதாகும். மிதியிலிருந்து காலை எடுத்ததும் இந்நடுக்கம் நின்றுவிடும். பிரேக்கை அழுத்தாதபோதும் வண்டி ஆடினால் அது வேறு பழுது. பெரும்பாலும் சக்கரச் சமநிலை அல்லது டயர் தொடர்பானது. பட்டறைகளில் இப்பழுதினை "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று கூறுவது வழக்கம். ஆனால் அளந்து பார்த்தால், வெப்பத்தால் வளைந்த டிஸ்க்குகளைவிடத் தடிமன் சீரற்றுப்போன டிஸ்க்குகளே மிகுதி. இவ்வேறுபாட்டைக் கவனியாமல் செய்யப்படும் பழுதுநீக்கம் சில ஆயிரம் கிலோமீட்டர்களில் பயனற்றுப் போவதுண்டு.

அதிர்வு தோன்றும் முறை

சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு டிஸ்க் எனப்படும். கேலிப்பர் என்னும் அமைப்பு இரண்டு பேடுகளால் இத்தட்டினை இருபுறமும் கவ்விப் பிடிக்கிறது. தட்டின் ஓரிடம் தடித்தும் மற்றோரிடம் மெலிந்தும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கவ்வும் விசை கூடிக் குறையும். தடித்த இடம் கேலிப்பரின் பிஸ்டனைப் பின்தள்ளுவதால் அத்துடிப்பு பிரேக் எண்ணெய் வழியே மிதிக்கும் வந்து சேர்கிறது. ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் வேறுபாடே உணரத்தக்க நடுக்கத்தைத் தரக்கூடும். இது தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ அறிய இயலாது.

சிறிய தானுந்து ஒன்றின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். எனவே மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 6 முறையும், 80 கி.மீ. வேகத்தில் 12 முறையும் சுழலும். முன்சக்கரத் தொங்கல் அமைப்பும் ஸ்டீயரிங் இணைப்புகளும் பொதுவாக நொடிக்கு 10 முதல் 20 வரையிலான அதிர்வுகளுக்கு எளிதில் ஆட்படுபவை. கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் அமைதியாக நிற்கும் ஒரு வண்டி, திருவண்ணாமலை - செஞ்சி சாலையில் வேகத்திலிருந்து நிறுத்தப்படும்போது உதறுவது இதனாலேயே.

காரணங்கள்

முதன்மைக் காரணம் டிஸ்க்கில் இல்லாமல் அதன் பின்னால் இருப்பதுண்டு. டிஸ்க் அமரும் ஹப்பின் முகத்தில் துருவோ மண்ணோ இருந்தால் டிஸ்க் சற்றே சாய்ந்து அமர்கிறது. சக்கர நட்டுகளை ஒழுங்கின்றி மிகையாக முறுக்குவதும் இதே விளைவைத் தரும். சாய்ந்த டிஸ்க், பிரேக்கை அழுத்தாதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் பேடினை ஒருமுறை உரசிச் செல்கிறது. உரசும் இடம் மட்டும் மெல்ல மெல்லத் தேய்கிறது. புதிய டிஸ்க் மாட்டிய நாளில் நன்றாக ஓடிய வண்டி சில மாதங்களுக்குப் பின் நடுங்கத் தொடங்குவதற்கு இதுவே விளக்கம். அப்போது பழி டிஸ்க்கின் தரத்தின்மேல் விழுகிறது.

மற்றொரு காரணம் வெப்பம். சவ்வாது மலையின் சமுனாமரத்தூரிலிருந்து இறங்கும்போது கீழ் கியரைப் பயன்படுத்தாமல் பிரேக்கை மட்டுமே நம்பினால் டிஸ்க் கடுமையாகச் சூடேறும். அந்நிலையில் வண்டியை நிறுத்தி மிதியை அழுத்தியபடியே வைத்திருந்தால் பேடின் பொருள் ஓரிடத்தில் திட்டாகப் படியும். "வளைந்த டிஸ்க்" எனப்படுபவற்றில் பெரும்பாலானவை இத்தகைய படிவுகளே என்று அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் கரோல் சுமித் வாதிட்டார். மிகு வெப்பத்தில் வார்ப்பிரும்பின் சில புள்ளிகள் சிமென்டைட்டு என்னும் கடினப் பொருளாக மாறுவதும் உண்டு. அவை ஆழமாகப் பரவியிருக்குமானால் டிஸ்க்கைக் கடைந்தும் பயனில்லை.

வடகிழக்குப் பருவமழையின்போது வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் பேடின் அடியில் துருத்தடம் உண்டாகும். இலேசான தடம் ஓட்ட ஓட்ட மறையும். இறுகிப்போன கேலிப்பர் ஊசிகளும் பழுதை வளர்க்கும். தேய்ந்த புஷ்களும் பந்து மூட்டுகளும் அதிர்வைத் தோற்றுவிப்பதைவிடப் பெரிதாக்கிக் காட்டுகின்றன.

கண்டறிதல்

ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கரங்களையும், இருக்கையும் தரையும் நடுங்கினால் பின்சக்கரங்களையும் முதலில் ஐயுற வேண்டும். பின்புறம் டிரம் பிரேக் கொண்ட வண்டியானால், வெற்றுச் சாலையில் குறைந்த வேகத்தில், கைப்பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே அதனை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். அப்போது நடுங்கினால் டிரம் வட்டம் தவறியிருக்கக்கூடும். திடீரென அழுத்தும்போது மட்டும் மிதி படபடவென உதைப்பது ஏ.பி.எஸ். இயங்குவதன் அடையாளம், அது பழுதன்று.

உறுதியான முடிவுக்கு அளத்தல் இன்றியமையாதது. டிஸ்க்கின் வெளிவிளிம்பிலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் மைக்ரோமீட்டரால் தடிமன் அளக்கப்படுகிறது. பின்னர் நட்டுகளை முறுக்கிய நிலையில் டயல் கேஜ் வைத்துப் பக்கவாட்டு ஆட்டம் பார்க்கப்படுகிறது. இதன் எல்லை வண்டிக்கு வண்டி மாறுபடும், 0.05 முதல் 0.1 மி.மீ. வரை என்பது பரவலான அளவு. இரண்டாவது அளவீட்டைப் பல பட்டறைகள் விட்டுவிடுகின்றன. காரணத்தைக் காட்டுவதோ அதுதான்.

பழுதுநீக்கம்

ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தூய்மை செய்வதே முதற்பணி. செலவற்ற இவ்வேலையைச் செய்யாமல் டிஸ்க்கை லேத்தில் கடைந்து மாட்டினால் பழைய சாய்வு அப்படியே திரும்பும். கடைந்தபின் தடிமன், டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகலாகாது. போகுமானால் இருபுறச் சக்கரங்களுக்கும் சேர்த்துப் புதியன மாட்ட வேண்டும். கேலிப்பர் ஊசிகளுக்கு உயர் வெப்பம் தாங்கும் கிரீசே ஏற்றது. சக்கர நட்டுகளை எதிரெதிராக, முறுக்குவிசை அளவியைக் கொண்டு, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும்.

புதிய பேடுகளைப் பழக்குவதற்கு, ஏறத்தாழ 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 கி.மீ. வரை மிதமாகக் குறைத்தல் எட்டுப் பத்து முறை செய்யப்படுகிறது. இடையில் முழுதாக நிறுத்துவதில்லை. பின்னர் ஆறவிட வேண்டும்.

நடுக்கத்துடன் மிதி கீழே இறங்குதல், வண்டி ஒருபக்கம் இழுத்தல், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றுள் ஏதேனும் காணப்பட்டால் வண்டியை ஓட்டிச் செல்லாமல், இழுவை ஊர்தி மூலமே பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.