மரத்தின்மேல் ஒரு கட்டில்

வடநாட்டில் வாழும் நம்மவர், காட்டோரச் சிற்றூர்களில் 'மச்சான்' என்னும் சொல்லை முதன்முதலாகக் கேட்கும்போது நகைப்பது இயல்பே. அங்கே அது உறவினரைக் குறிப்பதன்று. மரக்கிளைகளிடையே கட்டப்பெறும் பரணைக் குறிப்பது. நாம் மஞ்சம் என்று வழங்கும் சொல்லும் இதுவும் ஒரே வடமொழி மூலத்தினின்று பிறந்தவை. பொருளும் நமக்குப் புதிதன்று. தினைப்புனத்தில் இதணத்தின்மீதிருந்து கிளியோட்டிய மகளிரைச் சங்கச் செய்யுட்கள் நன்கு அறியும்.

பயிர் காக்க எழுந்த பரண் வேட்டைக்கும் உதவியது. ஆயினும் அரசர் விரும்பியது வேறு வகை. இராசபுதனத்து மன்னர்கள் காட்டிடையே கல்லால் வேட்டை மாடங்களை எழுப்பினர். கோட்டா நாட்டு ஓவியங்களில் இத்தகைய வேட்டைக் காட்சிகளை இன்றும் காணலாம். மாடம் அசையாது, ஆகவே விலங்குதான் அதனிடம் வரவேண்டும். அதற்கென ஊர்மக்கள் திரளாகப் புதர்களில் புகுந்து, பறையடித்துக் கூச்சலிட்டு, மானையும் புலியையும் விரட்டி வந்தனர். உயிருக்கு அஞ்சவேண்டியிருந்தவர் மாடத்தில் அமர்ந்தவர் அல்லர்!

தனியே வேட்டையாடியவனுக்கு அத்தனை ஆட்கள் ஏது? அவன் நாடியது சாதாரணக் கயிற்றுக் கட்டில். இருவர் எளிதில் தூக்கிச் செல்லலாம். நான்கு மூலைகளையும் கிளைகளோடு கயிற்றால் பிணைத்தால் சிறிது நேரத்தில் பரண் ஆயத்தம். ஆணி அறையும் ஓசை இல்லை. பச்சை மரத்தை வெட்டிக் கட்டும் பரணோ, ஆள் அசையுந்தோறும் கிறீச்சிட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். கடமானும் புள்ளிமானும் உப்பு மண்ணையும் நீர்நிலையையும் நாடி வரும் தடத்தில், காற்று எத்திசையினின்று வீசுகிறதென அறிந்து மரத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். மானின் மூக்கை ஏமாற்றுதல் அரிது. மறைப்புக்குக் கட்டும் தழையும் அம்மரத்தின் தழையாகவே இருத்தல் நலம். மறுநாள் அது வாடிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

1918 முதல் 1926 வரை கட்வால் மலைநாட்டில் 125 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை ஜிம் கார்பெட் வீழ்த்தியதும் மரத்தின்மேல் காத்திருந்துதான். கோலாப்ராயில், யாத்திரிகர் செல்லும் பாதையோரத்து மாமரத்தில் பத்து இரவுகள் வீணே கழிந்தன. கீழே மணி கட்டிய ஆடு ஒன்று நின்றது. 1926 மே மாதம், பதினோராம் இரவில் அம்மணி ஒலித்தது, ஒரே குண்டு. தென்னாட்டுக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிய பெங்களூர் கென்னத் ஆண்டர்சனோ, தூக்கிச் செல்லத்தக்க கட்டிற் பரணையே உடன் கொண்டு சென்றார்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் பொழுதுபோக்கு வேட்டை மறைந்தது, பரண் மறையவில்லை. காட்டுப்பன்றிக்கு அஞ்சும் உழவர் பல மாநிலங்களில் இன்றும் இரவெல்லாம் அதில் விழித்திருக்கின்றனர். மகாராஷ்டிரத்துச் சரணாலயங்கள் சிலவற்றில், புத்த பூர்ணிமை இரவன்று ஆர்வலர்கள் நீர்நிலையருகே பரணேறி, நிலவொளியில் நீரருந்த வரும் விலங்குகளை எண்ணிக் குறிக்கின்றனர். எண்ணிக்கைக்குத் தானியங்கிக் கேமராக்களே இன்று மிகுதியும் நம்பப்படுகின்றன. எனினும் அவ்விரவில் அமர இடம் வேண்டுவோர் முன்கூட்டியே விண்ணப்பிக்கின்றனர்.