ரயில்வேத் தொழிலாளர் நஷ்டஈடு

ரயில்வேத் தொழிலாளர் நஷ்டஈடு என்பது, இருப்புப்பாதையிலோ அதைச் சார்ந்த பணிமனைகளிலோ உழைக்கும் ஒருவர் அவ்வேலையின் நிமித்தம் அங்கஹீனம் அடைந்தால் அவருக்கும், உயிர் துறந்தால் அவரை நம்பியிருந்த குடும்பத்தாருக்கும் சட்டப்படி உரியதாகும் பணப் பரிகாரத்தைக் குறிக்கும். சென்னையின் அருகே ஆவடியையும் அம்பத்தூரையும் ஊடுருவிச் செல்லும் பாதை, தென்னிந்தியாவில் பயணிகளை ஏற்றிய முதல் ரயில் ஓடிய பாதையாதலால், இச்சட்டத்தின் வரலாற்றை அப்பாதையோரத்திலிருந்தே சொல்லத் தொடங்குவது பொருந்தும்.

பயணி ரயிலுக்கும் முன்னதாக, 1837-இல், செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடும் கல்லைக் கொண்டுவரத் தண்டவாளம் ஒன்று இயங்கிற்று. அதே ஆண்டில் இங்கிலாந்தில், கசாப்புக் கடையொன்றில் வேலை பார்த்த பையன், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து தொடை எலும்பு ஒடிந்தமைக்காக எசமானர்மீது தொடுத்த வழக்கு, வேலையிலுள்ள அபாயத்தை ஊழியன் அறிந்தே ஏற்கிறான் என்ற காரணத்தால் தோற்றது. இத்தீர்ப்பினின்று கிளைத்ததே சக ஊழியர் சித்தாந்தம். அதாவது, உடன் வேலை செய்பவனின் கவனக்குறைவால் விளைந்த கேட்டுக்கு எசமானர் பொறுப்பாகார் என்னும் கோட்பாடு. பாயிண்ட்ஸ்மேன் தவறாகப் பாதையைத் திருப்பினால் பலியாகிறவர் எஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன். சமிக்ஞைக்காரர் அயர்ந்தால் நசுங்குகிறவர் பாதையைப் பராமரிக்கும் கேங்மேன். ஒருவர் கையில் மற்றவர் உயிர் இருக்கும் இத்தொழிலில் அச்சித்தாந்தம் கம்பெனிகளுக்கு எத்தகைய கவசமாயிருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்தியாவில் 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டம், பிறர் குற்றத்தால் மாண்டவரின் மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோர் சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்க வழிசெய்தது. மறு ஆண்டு, 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மதராஸ் ரயில்வேக் கம்பெனியின் வண்டி ஓடத் தொடங்கிற்று. ரயிலுக்கு முன்னமே சட்டம் வந்துவிட்டது என்று மகிழ்வதற்கில்லை. குற்றம் யாருடையது என்று நிரூபித்தாலன்றி அச்சட்டத்தால் ஒரு காசும் பெறவியலாது. எழுத்தறியாத கேங்மேனின் விதவை, முத்திரைக் கட்டணமும் வக்கீல் கட்டணமும் செலுத்தி, கம்பெனியின் தஸ்தாவேஜுகளைக் கொண்டே கம்பெனியின் குற்றத்தை நிலைநாட்டவேண்டும் என்பது, பரிகாரத்தைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும்.

மேல்நாடுகளில் இக்கதவு வெவ்வேறு விதமாகத் திறந்தது. ஜெர்மனி 1884-இல் கட்டாய விபத்துக் காப்பீட்டை ஏற்படுத்திற்று. இங்கிலாந்து 1897-இல், குற்றம் எவருடையதாயினும் எசமானரே ஈடு தரவேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவோ ரயில்வேத் தொழிலாளருக்கென்றே 1908-இல் தனிச் சட்டம் செய்து, கம்பெனியின் கவனக்குறைவை ஓரளவேனும் மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தொழிலாளியிடமே விட்டு, அதற்கு மாறாக ஈட்டுத் தொகைக்கு உச்சவரம்பு வையாமல் ஜூரிகளின் நியாய புத்திக்கு அதை ஒப்படைத்தது. இன்றளவும் அங்கே அதுவே வழி.

இந்தியா இங்கிலாந்தைப் பின்பற்றியது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. ராயபுரத்து வண்டி புறப்பட்ட அதே நாளில், அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து. ‘வேலையின் நிமித்தமாகவும் வேலையின்போதும்’ விபத்து நேர்ந்தது என்பதை மட்டும் காட்டினால் போதும், குற்றம் பற்றிய விசாரணை வேண்டாம் என்பதே இதன் சாரம். இறந்தவருக்கான தொகையை எசமானர் நேரே குடும்பத்தாரிடம் கொடுத்து ரசீது பெறுவதை விடுத்து, சட்டப்படி நியமிக்கப்பட்ட கமிஷனரிடம் கட்டவேண்டும் என்றும், நஷ்டஈட்டைக் கைவிடுவதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றும் சேர்த்திருந்தமை, சட்டம் இயற்றியோர் உலகம் அறிந்தவர்கள் என்பதைப் புலப்படுத்தும். தொகை மட்டும் மிகச் சொற்பம். இறந்தவர் வயது வந்தவராயின் 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சிறுவராயின் வெறும் 200 ரூபாய். ரயில்வேச் சிப்பந்திகளுள், நிர்வாக அலுவலகங்களிலும் மாவட்ட அலுவலகங்களிலும் நிரந்தரமாகப் பணிபுரிந்தவர் விலக்கப்பட்டனர். பாதையிலும் வண்டியிலும் பெரம்பூர் போன்ற பணிமனைகளிலும் உழைப்போரே உட்பட்டனர்.

சீனிவாச சாஸ்திரியாரையும் உறுப்பினராகக் கொண்டு தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் தன் அறிக்கையை 1931-இல் அளித்தபின், 1933-ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தது. குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறியமை முதலிய எதிர்வாதங்கள், விபத்து மரணத்தில் முடிந்தவிடத்துச் செல்லாவென்று அது விதித்தது. சிவில் வழக்குகளிலோ சக ஊழியர் சித்தாந்தம் இன்னும் உயிரோடிருந்தது. கிரேட் இந்தியன் பெனின்சுலா (ஜி.ஐ.பி.) ரயில்வே ஊழியர் ஒருவர் உடனூழியரின் கவனக்குறைவால் மாண்டு, அவர் மனைவி தொடுத்த வழக்கில், 1937-இல் நாகபுரி உயர் நீதிமன்றம் ஆங்கிலேய நாட்டு விதியை இந்நாட்டு நியாயத்துக்கு வழிகாட்டியாகக் கொள்ளவியலாதென்று தள்ளியது. 1938-ஆம் ஆண்டின் எசமானர் பொறுப்புச் சட்டம் அவ்வாதத்தை எசமானரின் கையிலிருந்து எடுத்துவிட்டது.

அதன்பின் வழக்கு எல்லாம் ‘வேலையின்போது’ என்ற ஒரு சொல்லின் எல்லையைப் பற்றியதாயிற்று. கேங்மேன் தண்டவாளத்தில் கால் வைத்த கணத்திலா, வீட்டைவிட்டுப் புறப்பட்ட கணத்திலா வேலை தொடங்குகிறது? வேலையிடத்துக்குப் போய்வரும் வழியும் சிற்சில நிலைமைகளில் வேலையிடத்தின் நீட்சியே என்னும் கருத்தை உச்ச நீதிமன்றம் 1958-இல் ஓர் உப்பு நிறுவனத்தின் வழக்கில் ஆராய்ந்தது; 1963-இல், அன்றைய பணி முடிந்து தம் நிறுவனத்தின் பேருந்திலேயே வீடு திரும்புகையில் மாண்ட பம்பாய் ஓட்டுநர் ஒருவரின் குடும்பத்துக்கு அக்கருத்தைப் பொருத்தி ஈடு வழங்கிற்று. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்தையும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிலைநாட்டப்படின், வேலைவிபத்தாகவே கொள்ளுகிறது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

தொகையைக் கணிக்கும் முறையும் காலந்தோறும் மாறிற்று. 1984 முதல், சம்பளத்தில் ஒரு பங்கை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கும் வழி ஏற்பட்டது. அப்பங்கு 1995 முதல் மரணத்துக்குப் பாதி. 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தின் பெயரையே ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாற்றிற்று. 2020-இல் கணக்கிற்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாயாகியது. நாற்பது வயதினருக்கான எண் 184.17; ஆகவே அவ்வயதில் மாண்டவர் குடும்பத்துக்கு 7,500-ஐ அதனால் பெருக்க வருவது 13,81,275 ரூபாய். அவர் உண்மையில் ஐம்பதாயிரம் வாங்கியிருந்தாலும் கணக்கு அந்தப் பதினையாயிரத்தைத் தாண்டாது. உறுப்பிழப்புக்கும் அட்டவணை உண்டு: இரு கைகளும் போனால் 100 சதவீதம், ஒரு கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுமைக்கும் 14. பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் மாட்டும்போது விரல் நசுங்கியவருக்கு இந்த எண்களே விதியாயின. ஆயினும் இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவருக்கு, ஒற்றைக் கையால் தச்சுவேலை நடவாதென்று கண்டு, உச்ச நீதிமன்றம் 1975-இல் முழு ஊனத்துக்குரிய தொகையை அளித்தமையால், அட்டவணையே முடிந்த முடிபன்று என்பது நிலைபெற்றது.

ரயில்வேக்குள் இவ்விபத்துகளுக்கு வழங்கும் பெயர் ‘ஐ.ஓ.டி.’, பணியில் காயம் என்பதன் சுருக்கம். காயம்பட்டவர் ரயில்வே மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, விடுப்பில் சம்பளம் வாங்கி, பழைய வேலைக்குத் தகுதியற்றவரானால் வேறு வேலைக்கு மாற்றப்படுவார். ஊனத்தைக் காரணங்காட்டி வேலையைவிட்டு நீக்கலாகாதென்று 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் தடுத்தது. சம்பளம் குறையாதபோது நஷ்டம் எங்கே என்று நிர்வாகத் தரப்பில் வாதம் எழுவதுண்டு. சட்டம் ஈடு செய்ய முற்பட்டது சம்பாதிக்கும் திறனின் இழப்பையே; மாதச் சம்பளக் குறைவை அன்று. ஆதலால், இவ்வாதம் வலுவற்றதென்பதே இக்கட்டுரையாளன் கருத்து. வண்டி தடம் புரண்டோ மோதியோ ஓட்டுநரும் கார்டும் மாண்டால் இன்னொரு வழியும் உண்டு: 1989-ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டம், பணியிலிருக்கும் ஊழியரையும் பயணியாகவே கருதி, ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட இடமளிக்கிறது. 2017 முதல் மரணத்துக்கு அங்கே 8 லட்சம் ரூபாய்; ஆனால் ஒரே விபத்துக்கு இரு ஈடுகள் பெறவியலாது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரத்தில் கை சிக்கியவர், சம்பள வரம்புக்குள் இருப்பின், தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (ஈ.எஸ்.ஐ.) அட்டையோடு போவார். ரயில்வே லோகோ ஷெட்டுகளையோ 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் தொழிற்சாலை என்ற வரையறையினின்றே விலக்கியிருந்தது. ஈ.எஸ்.ஐ. அட்டையும் ரயில்வேயின் நேரடி வேலையும் இல்லாதவரோ பலர்: ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஜல்லி போடுவோர், மின்கம்பி இழுப்போர், வடநாட்டிலிருந்து வந்து பூவிருந்தவல்லி வரை நீளும் மெட்ரோப் பாதைக்குத் தூண் எழுப்பியோர் இவ்வகையினர். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இவர்களையும் மறக்கவில்லை. தன் தொழிலைச் சார்ந்த வேலையை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்த முதன்மை எசமானர், அவருடைய ஆளுக்கும் தம் சொந்த ஆளுக்குப்போலவே ஈடு கொடுத்துவிட்டு, பின்னர் அதை ஒப்பந்தக்காரரிடமிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்றது அப்பிரிவு. அடுத்த மாநிலத்துக் கிராமத்திலிருந்து இறந்தவரின் தந்தை வந்து, மேஸ்திரியின் பெயரன்றி வேறெதுவும் அறியாமல், எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்பது என்று நின்றபோது, அவருக்காக முதலில் எடுத்துப் பார்க்கவேண்டியிருந்த பிரிவும் அதுவே.