சூரியக் காற்றும் ஓர் ஆசிரியரும்

ஐப்பசி மாதத்து மாலைப் பொழுதுகளில் இரணியல் வானத்திலே மின்னல் வெட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வொளிக்கீற்றில் காற்றின் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து மின்னேற்றம் பெறுகின்றன. பொருளின் இந்நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். கதிரவனும் ஒரு பிளாஸ்மாக் கோளமே. மாணவ நண்பர்களே, இத்துறையைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த தமிழர் ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

சுப்ரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற அவரது முடிவை, 1935 சனவரியில் லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் என்னும் பேரறிஞர் எள்ளி நகையாடினார். இயற்கை அவ்வாறு நடக்க இடந்தராது என்றார் அவர். இளைஞருக்கு அது ஆறாத புண்ணாயிற்று. 1937இல் சிகாகோவை அடைந்த சந்திரசேகர், இறுதிவரை அப்பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றினார்.

அங்கே அவர் நடத்திய பிளாஸ்மா இயற்பியல் வகுப்பின் குறிப்புகளை, திரேஹன் என்பவர் தொகுக்க, அவை 1960இல் நூலாயின. அவரிடம் ஆய்வு செய்து 1962இல் முனைவர் பட்டம் பெற்ற பிம்லா பூட்டி அம்மையார், பின்னர் அகமதாபாத்தில் பிளாஸ்மா ஆராய்ச்சியை வளர்த்தார்.

ஆயினும் அவரது பெருமையை நான் காண்பது வேறோரிடத்தில். 1952 முதல் 1971 வரை அவர் ஒரு புகழ்பெற்ற வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராயிருந்தார். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் பார்க்கர் என்ற இளைஞர், கதிரவனிலிருந்து பிளாஸ்மா ஓயாது பேரோட்டமாக வீசுகிறது என்று கட்டுரை எழுதி அனுப்பினார். மதிப்பீட்டாளர் இருவரும் அதனைத் தள்ளினர். சந்திரசேகருக்கும் அக்கருத்தில் நம்பிக்கையில்லை. எனினும் அவர்கள் கணக்கிலே குறிப்பாக ஒரு பிழையையும் சுட்டிக்காட்டவில்லை என்று பார்க்கர் எடுத்துரைத்தபோது, ஆசிரியர் அதனை ஏற்றார். 1958இல் கட்டுரை வெளிவந்தது. தாம் நம்பாத ஒன்றைத் தம் இதழிலேயே அச்சிடுவது எளிய செயலா? எடிங்டனிடம் பட்ட காயம் அவருக்கு நினைவிருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 1962இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மாரினர் 2 என்னும் விண்கலம், வழிநெடுக அக்காற்றை அளந்து காட்டியது. நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் விரைவில் அது வீசுகிறது. 2023இல் நம் நாடு ஏவிய ஆதித்யா எல்1 கலத்திலும் அதனை ஆராயும் கருவிகள் உள்ளன.

சந்திரசேகருக்கு 1983இல் நோபெல் பரிசு கிடைத்தது. 2018 ஆகஸ்டில், பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம் கதிரவனை நோக்கிப் புறப்பட்டது. 91 வயதுப் பார்க்கர் அதனை நேரிலே நின்று பார்த்தார். கட்டுரையை ஏற்ற ஆசிரியர் மறைந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.